பக்கத்துச் சீற்

நாங்கள் இப்போது இருக்கும் அஜின்கோர்ட்டில் ஒரு கார் பார்க்கிங்கில் பழைய கார்களைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். நூறு வருடத்துக்கு முந்திய அமெரிக்க ரேஸ் கார் ஒன்றை ஸ்டார்ட் பண்ண, புகையில் கருகிய ஆமணக்கெண்ணெய் மணம் வந்தது. நான் கிட்டப் போய் நின்றேன்.

மகன் பலகையை வாசித்துச் சொன்னான். அதை ஓட்டியவர் சைக்கிள் ஓட்டத்தில் தொடங்கி, பிறகு காரில் ஊர் ஊராகப் போய்க் கோப்பை கோப்பையாக வென்றவராம்.

“பக்கத்துச் சீற்றிலை ஆர் இருந்தது?”

“மெக்கானிக் அம்மா. ஓடேக்கை எஞ்சினுக்கு எண்ணெய் பம்ப் அடிக்கிறவர். பேர் போடேல்லை.”

போடமாட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஆலை முதலாளி இப்படியொரு பழைய காரில் ரேஸ் ஓடும்போது, பக்கத்தில் இருந்து எண்ணெய் அடித்தவர் என்னைப் பெற்ற ஐயா. அம்மா எத்தனை தரம் தோய்த்தாலும் அவருடைய சட்டையில் இதே மணம். வென்றால் மாலை முதலாளிக்கு. ஒருநாள் வளைவில் கார் புரண்டு, ஐயாவின் வலக்கை நசிந்துபோனது. முதலாளி எங்கள் முற்றத்தில் நின்று அம்மாவிடம், “உன்ரை மனிசன் ஒழுங்கா எண்ணெய் அடிச்சிருந்தா நான் வெண்டிருப்பன்” என்றான். அவனுக்கு அம்மா தேத்தண்ணி கொடுத்தார். கதவுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்தேன். இன்றைக்கும் கடித்தபடிதான் நிற்கிறேன்.

“அம்மா, ஏறி இருக்க விடுகினம். வாங்கோ, படம் எடுப்பம்.”

நாலு பேர் பார்த்தால் கூசுகிறவள் நான். ஆனாலும் அவன் கையைப் பிடித்து ஏறினேன்.

“உதில்லை அம்மா, ஸ்டியரிங் இருக்கிற பக்கம்.”

“தெரியும். இஞ்சை வைச்சே எடு.”