நுரை அடங்கிய குழி

மலேசியாவின் பந்திங்கில் எங்கள் வீட்டின் பின்புறம் மழைநீர் பிடிக்கும் நீல டிரம் ஒன்று நிற்கிறது. அதன் மேல் கறுப்பு மார்க்கரில் ஒரு வேதியியல் சமன்பாடு. வெயிலில் மங்கும்போதெல்லாம் நான் திரும்ப எழுதிவிடுவேன்.

முதலில் எழுதியவர் கெமிஸ்ட் அக்கா. சுங்கை வேயில், இரும்புக்கு முலாம் பூசும் தொழிற்சாலையில் நானும் என் மனைவியின் தம்பியும் அவரோடு வேலை பார்த்தோம். டீயில் சர்க்கரை போடக்கூட அக்கா கணக்கு எழுதுவார் என்று கேலி செய்வோம்.

ஒரு காலையில் அமில டிரம் ஒன்று லோரியிலிருந்து விழுந்து உடைந்து, அத்தனையும் கழிவுநீர்க் குழிக்குள் ஓடிவிட்டது. அமிலத்தை முறிக்க மச்சானும் நானும் சோடாத்தூளை மூட்டை மூட்டையாகக் கொட்டினோம். நுரை பொங்கியது. நுரை அடங்கினால் வேலை முடிந்தது என்பதுதான் எங்கள் வழக்கம். அக்கா மட்டும் பக்கத்திலிருந்த காலி டிரம்மில் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு பங்கு அமிலத்துக்கு ஒரு பங்கு சோடா. வருவது உப்பு, நீர், ஒரு பங்கு கரிவளி, அதாவது கரியமில வாயு. நாங்கள் சோடா போதுமா என்று பார்த்தோம். அவர் கரிவளி எவ்வளவு வரும் என்று பார்த்தார். அது காற்றைவிடக் கனம், குழியை விட்டு எழும்பாது.

"நுரை அடங்கிருச்சி மாமா. பம்பு வாய் அடைச்சிருக்கு, எறங்குறேன்லா" என்று மச்சான் ஏணியில் கால் வைத்தான். அக்கா நிமிர்ந்து கத்துவதற்குள் அவன் தலை மறைந்துவிட்டது. எட்டிப் பார்த்தேன். கவிழ்ந்து கிடந்தான். இறங்கப் போன என் பெல்ட்டை அக்கா பிடித்துக்கொண்டார். பைத்தியம் பிடித்தவனாக அவர் மணிக்கட்டைக் கடித்தேன். விடவில்லை.

"இது மாதிரி மூணு குழி நெறையுற அளவு வந்திருக்கு தம்பி. கீழ மூச்சு விடக் காத்தே இல்ல. எறங்குனா நீயும் வர மாட்ட."

யாரோ காற்றடிக்கக் கம்ப்ரசர் குழாயை உள்ளே விட்டார்கள். தீயணைப்புப் படையின் போம்பாக்காரர்கள் முகமூடியோடு இறங்கித் தூக்கியபோது அவனுக்கு உயிர் இல்லை.

சாவு வீட்டுக்கு அக்கா மணிக்கட்டில் கட்டோடு வந்தார். என் மனைவி அவரிடம் பேசவில்லை. என்னிடம்தான் கேட்டாள்: "நீங்க ஏன் எறங்கல?"

பதில் சொல்லத்தான் அந்த டிரம்மைக் கேட்டு வாங்கி வந்தேன். ஒவ்வொரு திதியன்றும் கேட்பாள். ஒவ்வொரு முறையும் அதன் முன் நின்று விளக்குவேன். கணக்கு சரி. எனக்கே அது போதவில்லை, அவளுக்கு எப்படிப் போதும்?

இந்த ஆண்டுத் திதிக்கு அவள் கேட்கவில்லை. எழுத்து மங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் மார்க்கரை எடுத்து வந்து நீட்டினாள்.

"எழுதுங்க" என்றாள்.

மார்க்கரை வாங்கி, மூடியைத் திறக்காமல் அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.