இருபத்திரண்டு பேணிகளும் இரண்டு ஜாம் போத்தல்களும்

சாம்பல் போட்டு விளக்கிக் கவிழ்த்து வைத்த, தேத்தண்ணி குடிக்கிற சில்வர் பேணியின் விளிம்பு நாக்கில் முதலில் குளிரும், பிறகு லேசாக உவர்க்கும், கடைசியில் தேங்காய்த் தும்பின் வாசம் மூக்கில் ஏறும். இதெல்லாம் இவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பதினொரு வயதில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், எங்கள் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் அடுக்களைக்குப் பின்னால் குந்தியிருந்து, இருபத்திரண்டு பேணிகளை ஒன்றும் விடாமல் நக்கியவன் நான். வெட்கக்கேடுதான். அதைவிடப் பெரிய வெட்கக்கேடு, அதை ஒரு மகத்தான பழிவாங்கல் என்று நம்பி முப்பத்தைந்து வருடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தது.

அது சண்டையால் ஊரில் மின்சாரம் இல்லாத காலம். யாழ்ப்பாணத்து உடுப்பிட்டிப் பக்கத்தில் அப்போது படம் பார்ப்பதென்றால் ஒரு வீட்டு ரீவியையும் இன்னொரு வீட்டு வீடியோ ‘டெக்’கையும் மூன்றாம் வீட்டு ஜெனரேற்றரையும் ஒன்றுசேர்க்க வேண்டும்; பார்க்க வருகிற ஒவ்வொரு குடும்பமும் அரைப் போத்தல் மண்ணெண்ணெய் கொண்டுவர வேண்டும். இந்தப் பெரும் பணிக்குத் தலைமை தாங்கியவர், ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்ற மாஸ்டர். அவருடைய வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நின்றவர் என் ஐயா, என்னைப் பெற்றவர். நாங்கள் என்ன சாதி என்று நான் சொல்லத் தேவையில்லை. மாஸ்டர் வீட்டு விறாந்தைக்குக் கீழே, முற்றத்தில், எங்களுக்கென்று ஒரு சாக்கு விரித்திருந்தார்கள் என்றால் உங்களுக்கே விளங்கும். கதவு திறந்திருந்ததால் ரீவியில் முக்கால்வாசி தெரியும். மிச்சக் கால்வாசியை மாஸ்டரின் முதுகு மறைக்கும். நாங்கள் கொண்டுபோன மண்ணெண்ணெயை மட்டும் எல்லாருடைய மண்ணெண்ணெயோடும் சேர்த்து ஒரே கானுக்குள் ஊற்றினார்கள். மண்ணெண்ணெய்க்குத் தீட்டில்லை.

அன்றைக்குப் போட்டது ஓர் ஆங்கிலப் படம். அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில் கறுப்பு மக்கள் இயக்கமாகத் திரண்டு உரிமை கேட்ட வரலாறு. வெள்ளைக்காரருக்கு ஒரு தண்ணீர்க் குழாய், கறுப்பருக்கு இன்னொன்று. தையல்காரப் பெண் ஒருத்தி ஒருநாள் தாகத்தில் வெள்ளைக்காரரின் குழாயில் வாய் வைத்துக் குடித்துவிடுகிறாள். பொலிஸ் அவளைத் தெருவில் போட்டு அடிக்கிறது. அடுத்த நாள் ஊரே வேலைக்குப் போகாமல் தெருவில் இறங்குகிறது. மாஸ்டர் ஒரு பூவரசந் தடியோடு ரீவிக்குப் பக்கத்தில் நின்று காட்சிக்குக் காட்சி தமிழில் விளங்கப்படுத்தினார்.

“பாருங்கோ, ஒரு மிடறு தண்ணிக்கு என்ன அடி அடிக்கிறாங்கள்! உவங்கள் மனிசரே? உவங்களைக் கட்டிவைச்சுத் தோலை உரிக்கவேணும்!” என்றபோது அவர் அழுதேவிட்டார். உள்ளே இருந்த பெண்கள் சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்கள். நானும் அழுதேன். அழுவதற்கு மட்டும் எங்களுக்குத் தனி இடம் ஒதுக்கியிருக்கவில்லை.

பாதிப் படத்தில் ஜெனரேற்றரை ஆறவிட வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் மாஸ்டரின் மகள் பவளமக்கா தேத்தண்ணி கொண்டுவந்தா. உள்ளே இருந்தவர்களுக்குப் பளபளவென்று சில்வர் பேணிகள். பிறகு தேத்தண்ணிக் கேத்திலோடு முற்றத்துக்கு இறங்கி, கூரை ஓலையைக் கண்ணால் காட்டினா.

“உங்கடை உதுக்கை செருகிக் கிடக்கு. எடுத்துப் பிடியுங்கோ.”

ஐயா எட்டி இரண்டு ஜாம் போத்தல்களை எடுத்தார். ஒன்றுக்குள் இருந்த சிலந்திவலையை ஊதினார், வேட்டித் தலைப்பால் ஒருதரம் துடைத்தார், நீட்டினார். கேத்தில் போத்தலில் பட்டுவிடாதபடி ஒரு முழ உயரத்திலிருந்து பவளமக்கா ஊற்றினா. ஒரு துளி வெளியே சிந்தவில்லை. எத்தனை வருடப் பழக்கமோ.

இப்போது என் புத்திசாலித்தனத்தைக் கேளுங்கள். போத்தல் பேணியை விடப் பெரிது. உள்ளே இருக்கிறவர்களுக்குக் கிடைத்ததைப்போல ஒன்றரை மடங்கு தேத்தண்ணி எனக்கு! அதைத் தலைக்கு மேலே தூக்கி, உள்ளே இருந்த என் வகுப்புப் பெடியனுக்குக் காட்டி, “எனக்குத்தான் கூட!” என்று கத்தினேன். அவன் சிரித்தான். அவனுடைய தாயும் சிரித்தா. மாஸ்டர்கூட, கண்ணீர் காயாத முகத்தோடு, சிரித்தார். ஐயா மட்டும் சிரிக்கவில்லை.

“குடிச்சிட்டுக் கழுவி, எடுத்த இடத்திலை வை,” என்றார். குடித்தவர்தான் கழுவி வைக்க வேண்டும். அந்தப் போத்தல்களை வீட்டுக்காரர் தொடுவதில்லை.

ஜெனரேற்றர் மறுபடி உறுமியது. இப்போது அந்தத் தையல்காரி தன் தங்கச்சிக்குக் கறுப்பருடைய குழாயில் ஒரு தகரத்தில் தண்ணீர் பிடித்துக் கொடுக்கிறாள். என் பெருவிரலில் ஜாம் போத்தலின் லேபல் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. அந்தத் தகரத்தைப் பார்த்தேன், பெருவிரலைப் பார்த்தேன், உள்ளே மூக்குச் சிந்திக்கொண்டிருந்த சனத்தைப் பார்த்தேன். அந்த ஒன்றரை மடங்கு எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. படம் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஐயா நிலத்தைப் பார்த்தபடி வந்தார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். இந்தச் சனத்துக்கு ஏதாவது செய்யாமல் விடுவதில்லை, செய்ததை ஒருநாள் அவர்களுடைய முகத்துக்கு நேரே சொல்லாமலும் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

படம் நல்லாயிருக்கிறது என்று ஊர் கேட்க, அடுத்த சனிக்கிழமையும் அதையே போட்டார்கள். நான் ஒரு மணித்தியாலம் முந்திப் போனேன். அடுக்களைக்குப் பின்னால் ஒரு பலகையில் இருபத்திரண்டு பேணிகள் கவிழ்ந்து கிடந்தன. மாஸ்டர் வீட்டு நாய் வாலாட்டிக்கொண்டு பார்த்திருக்க, ஒவ்வொன்றாக எடுத்து, விளிம்பைச் சுற்றி வட்டமாக நக்கி, அதே இடத்தில் கவிழ்த்தேன். பதினைந்தாவது பேணியில் நாக்கு வறண்டுவிட்டது. விடவில்லை. ஐயாவின் முகத்தை நினைத்துக்கொண்டேன், எச்சில் ஊறியது.

அன்றைய இடைவேளையைப் போல ஒரு சுகத்தை நான் பிறகு அனுபவித்ததில்லை. மாஸ்டர் பேணியை வாயில் வைத்து உறிஞ்சி, மீசையைத் துடைத்து, “நல்ல தேத்தண்ணி பிள்ளை,” என்றார். குடியுங்கள் மாஸ்டர், நல்லாய்க் குடியுங்கள் என்று மனதுக்குள் சொன்னேன். அந்தப் படத்து வெள்ளைக்காரப் பொலிசுக்குக்கூட இப்படி ஒரு தண்டனை கிடைக்கவில்லை.

பிறகு இடம்பெயர்ந்தோம், திரும்பி வந்தோம். ஐயா போய்விட்டார். மாஸ்டரும் போனார், அவருடைய செத்தவீட்டுக்குப் போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது, காதோடு குனிந்து சொல்லிவிடலாமா என்று வாய்வரைக்கும் வந்தது. கேட்காத காதுக்குச் சொல்லி என்ன பயன் என்று விட்டுவிட்டேன். அதற்கிடையில் நானும் கலியாண வீடுகளிலும் வாசிகசாலை விழாக்களிலும் நாலு பகிடி விட்டுச் சனத்தைச் சிரிக்கவைக்கிற ஆளாகியிருந்தேன்.

போன மாதம் வாசிகசாலைப் பெடியள் வெள்ளைச் சீலை கட்டி ஒரு படம் போட்டார்கள். புதுப் படம், அதே கறுப்பு மக்கள் இயக்கம், அதே குழாய்கள், நிறம் மட்டும் துல்லியம். படம் முடிய என்னைக் கதைக்கக் கூப்பிட்டார்கள். முன்வரிசையில் பிளாஸ்ரிக் கதிரையில், கையில் பொல்லோடு, பவளமக்கா. எனக்கு உடம்பெல்லாம் இனித்தது. மாஸ்டர் தப்பினாலும் மகள் அகப்பட்டா. ஜாம் போத்தலில் தொடங்கி இருபத்திரண்டாவது பேணிவரை ஒன்றையும் விடாமல் சொன்னேன். மாஸ்டரின் மீசையை நடித்துக் காட்டினேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது, கை தட்டியது. பவளமக்கா சிரிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்து, ஐயா, முடித்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டேன்.

கூட்டம் முடிய எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பேப்பர் கப்பில் தேத்தண்ணி. குடித்துவிட்டுக் கசக்கி எறிந்தால் சரி. இப்போது யாருடைய கூரையிலும் ஜாம் போத்தல் இல்லை, ஓலைக்கூரையே இல்லை. பவளமக்கா பொல்லை ஊன்றிக்கொண்டு என்னிடம் வந்தா. மன்னிப்புக் கேட்கப்போறா என்று நினைத்து, பெருந்தன்மையான ஒரு முகத்தைத் தயார்படுத்தி வைத்திருந்தேன்.

“எட ராசன், வெளியிலை காகமும் பல்லியும் ஓடித்திரியிற இடத்திலை கிடந்த பேணிக்கை ஆரும் அப்பிடியே ஊத்துவினமே? இருபத்திரண்டையும் சுடுதண்ணியிலை அலசித்தான் உள்ளுக்கை கொண்டுபோனனான். அண்டைக்கு நான் கழுவாமல் ஊத்தினது உங்கடை போத்தில் ரெண்டுக்கையும் மட்டும்தான்.”