பொய் வேப்பிலை

எங்கள் தெருவில் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று யாருக்கும் தெரியாது. போர் தண்ணீரை நம்ப வழியில்லை. தோல் பதனிடுகிற ஷாப்புகளின் கழிவு மண்ணுக்குள் இறங்கி இறங்கி, அது மஞ்சளாக வரும். வாயில் வைத்தால் குமட்டும், சோப்புப் போட்டால் நுரைகூட வராது. அதனால் நகராட்சித் தண்ணீர் வருகிற அன்றைக்குக் குடம், அண்டா, வாளி என்று கண்ணில் பட்டதையெல்லாம் நிரப்பி, அடுத்த முறை வரும்வரை ஓட்டுவோம். எங்கள் வீட்டில் அதற்கென்றே ஒரு நீல டிரம் இருந்தது. அப்பா வேலை செய்த ஷாப்பில் ரசாயனம் வந்த டிரம்தான். கழுவோ கழுவென்று கழுவி வைத்திருந்தாள் அம்மா.

அந்த டிரம்முக்கு எதிரி என் சித்தி. அம்மாவின் தங்கை, இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். நகராட்சியில் ஒப்பந்த வேலை. டெங்கு வராமலிருக்க வீடு வீடாகப் போய், டார்ச் அடித்து, தண்ணீரில் கொசுப்புழு நெளிகிறதா என்று பார்க்க வேண்டும். நெளிந்தால் கொட்டிவிட வேண்டும். கொட்டச் சொன்ன பெரிய மனிதர்கள், கொட்டிய பிறகு அந்த வீடு எதைக் குடிக்கும் என்று சொல்லவில்லை. ஒரு தடவை சூப்பர்வைசர் பக்கத்திலேயே நிற்க, சித்தி எங்கள் டிரம்மையும் கவிழ்க்க வேண்டியதாயிற்று. அம்மா தெரு கேட்கத் திட்டினாள்.

"கூடப் பொறந்தவளாடி நீ? என் புள்ளைங்க வாய்ல மண்ணப் போட்டுட்டுப் போறியே."

அதற்கப்புறம்தான் அம்மாவுக்கு அந்த யோசனை வந்தது. அம்மை கண்ட வீட்டு வாசலில் எங்கள் பக்கம் வேப்பிலை செருகுவார்கள். செருகிவிட்டால் வெளியாள் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. அடுத்த முறை தெருமுனையில் டார்ச்சுக்காரர்கள் தெரிந்ததுமே அம்மா ஒரு கொத்தை ஒடித்து நிலைப்படியில் செருகினாள். சூப்பர்வைசர் வாசலிலேயே நின்று சித்தியைப் பார்த்தார். வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை என்று சித்திக்குத் தெரியும். நானும் தம்பியும் உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததுகூட அவளுக்குக் கேட்டிருக்கும்.

"அம்மை போட்டிருக்குது சார். உள்ள போவக் கூடாது," என்றாள். அக்காள் மேல் இருந்த பாசம், வேறென்ன.

அப்புறம் தெருவே அதைப் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் அம்மாள், காலா என்று கூப்பிடுவோம். அவரும் எங்கள் வீட்டுக்கு வந்து, "ஜாஸ்தி இருந்தா எனக்கும் கொஞ்சம் குடும்மா, எங்க டிரம்மும் ரொம்பியிருக்குது," என்று வாங்கிப் போய்ச் செருகினார். தெருவில் இருந்த ஒரே வேப்பமரம் மொட்டையாகிவிட்டது. தம்பிக்கும் எனக்கும் அது நல்ல விளையாட்டு. அவன் அம்மை கண்டவனாகப் படுத்துக்கொள்வான், நான் சூப்பர்வைசராக வந்து திரும்பிப் போவேன்.

மழை விட்ட சமயம் தம்பிக்கு நிஜமாகவே ஜுரம் வந்தது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று அழுதான். அப்புறம் உடம்பெல்லாம் செக்கச்செவேலென்று தடித்தது. அதைப் பார்த்ததும் அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து போய், மழைக்கு மறுபடி துளிர்த்திருந்த மரத்தில் வேப்பிலை ஒடித்து வந்தாள். இந்த முறை செருகிவிட்டு நிலைப்படியைத் தொட்டுக் கும்பிட்டாள்.

சேதி கேட்டுச் சித்தி ஓடிவந்தாள். அம்மா அவளை வாசலைத் தாண்ட விடவில்லை.

"அக்கா, இது அம்மை இல்லக்கா. கொப்புளம் ஒண்ணுகூடக் காணோமே. டெங்கு மாதிரி தெரியுது. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம், ரத்தம் மட்டும் பாத்துட்டு வந்துடலாம்."

"ஆத்தா இருக்கிற ஒடம்புல ரத்தம் எடுப்பியா நீ?"

"சொன்னா கேளுக்கா."

"நீதானடி சொன்ன, அம்மை போட்டிருக்குதுன்னு? இதே வாசல்ல நின்னு உன் வாயால சொன்ன. அது ஆத்தா காதுல உழுந்துடுச்சி. இப்ப ஊசி கீசின்னு போனா என் புள்ளைய உட்டுவப்பாளா?"

சித்தி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நர்ஸ் ஒருவரைக் கூட்டிக்கொண்டு திரும்பவும் வந்தாள். அம்மா உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அப்பா சாமி விஷயத்தில் வாயைத் திறக்க மாட்டார். "பாக்கலாம், பாக்கலாம்," என்று சொல்லிக்கொண்டே வேலைக்குப் போய்வந்தார். அம்மா தாளிக்காமல் சமைத்தாள். தம்பியின் பக்கத்திலேயே உட்கார்ந்து வேப்பிலையால் விசிறியபடி, "தண்ணிக்காவத்தான் தாயே செஞ்சேன், தண்ணிக்காவத்தான்," என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வருவதில்லை. குழாயில் தினமும் தண்ணீர் வந்திருந்தால் அவள் எதற்குச் சாமியிடம் பொய் சொல்லப் போகிறாள்? அதே தெருவில்தான் இன்னமும் இருக்கிறேன். தண்ணீர் அதே மாதிரிதான் வருகிறது. டிரம்கள் பெருகியிருக்கின்றன. சுவரில் கொசு படம் போட்டு, "தண்ணீரைத் தேக்காதீர்" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. யாரிடம் போய்ச் சொல்ல? சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம், எதுவும் மாறவில்லை, மாறும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை.

ஒரு நாள் காலையில் தம்பிக்கு ஜுரம் விட்டது. கொதித்துக்கொண்டிருந்த உடம்பு குளிர்ந்திருந்தது. வயிறு வலிக்கிறது என்று முனகியவன் பிறகு பேசாமல் கிடந்தான். அசந்து தூங்குகிறான் என்று நினைத்தோம். அம்மா அத்தனை நாளுக்குப் பிறகு சிரித்தாள். "ஆத்தா எறங்கிட்டா," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தலைக்கு ஊற்ற மஞ்சளும் வேப்பிலையும் போட்டு ஓர் அண்டாத் தண்ணீரை வெயிலில் வைத்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, "போய் உன் சித்திகிட்ட சொல்லிட்டு வா, ஜுரம் உட்டுடுச்சின்னு," என்றாள். குரலில் கொஞ்சம் கர்வம் இருந்தது.

சித்தி அடுத்த தெருவில் ஒரு வீட்டு முற்றத்தில், சிமெண்டுத் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சேதியைச் சொன்னேன். என்னைத் தூக்கிக் கொஞ்சுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னையே பார்த்தாள்.

"கை கால் சில்லுன்னு இருக்குதா?"

"ஆமா சித்தி. ஐஸ் மாதிரி இருக்குது," என்றேன் பெருமையாக.

டார்ச்சைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். சூப்பர்வைசர் கூப்பிட்டதற்கும் திரும்பவில்லை. வாசலில் கழற்றிவிட்ட செருப்பைக்கூட மாட்டவில்லை. டெங்குவில் ஜுரம் விடுகிற நேரம்தான் உயிருக்கு ஆபத்தான நேரம் என்று அவளுக்கு வேலையில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே, ஆட்டோவில், சித்தியின் மடியிலேயே தம்பி போய்விட்டான் என்பது சாயங்காலம்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தக் காலையில் நான் நினைத்தது வேறு. அக்காளும் தங்கையும் இனிமேல் பேசிக்கொள்வார்கள், அந்தச் சந்தோஷத்தில்தான் சித்தி இப்படி ஓடுகிறாள் என்று நினைத்தேன். அவளுடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே நானும் பின்னால் ஓடினேன்.