சொன்னவர்தான் நிற்க வேண்டும்

செம்பு உருக்கும் அந்த ஆலையில் அவளுக்கு ஹாரன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது, அதோடு சரி. கூரையை ஒட்டி ஓடும் பெரிய கிரேனின் கூண்டில் உட்கார்ந்திருப்பாள். கீழே யாராவது ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தால்கூட ஹாரனை அமுக்கிவிடுவாள். சொறிந்தவன் திடுக்கிட்டு நிமிர்ந்து, வாய்க்குள் ஏதோ முனகிவிட்டு மாட்டிக்கொள்வான். தையல் கடை வைத்திருந்த அவள் கணவரின் காதுக்கும் இந்தப் பெயர் எப்படியோ எட்டிவிட்டது. "வீட்டுக்குள்ள மட்டும் கொஞ்சம் சத்தத்தைக் கொறைச்சுக்கம்மா" என்பார்.

ரொம்பக் கண்டிப்பான பொம்பளை என்று அவளைப் பற்றிச் சொன்னவர்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. அவள் பழிவாங்கக் காத்திருந்தாள். அதற்குக் கண்ணை அகல விரித்து வைத்திருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஆலைக்குள் நுழைந்து உடை மாற்றும் அறைக்குப் போகிற வழியில், சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. அவளுடைய தம்பியின் முகம். அடையாள அட்டைக்காக எடுத்தது. சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட மறந்திருப்பான். அதன் கீழே கொட்டை எழுத்தில், 'காய வைக்க மறந்தான், கதை முடிந்தது' என்று போட்டிருந்தது. செத்தவனுக்கு அடுக்குமொழி ஒரு கேடு! அந்த வழியாகப் போகாமல் பின்பக்கமாகவும் வேலைக்குப் போகலாம். அவள் போகமாட்டாள். தினமும் அந்தப் படத்தின் முன்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் போவாள். ஆத்திரம் ஆறிப்போய்விடுமோ என்று அவளுக்குப் பயம்.

அந்த வரியை எழுதியவர், ஆலையின் பாதுகாப்புக்குத் தலைவராக இருந்தவர். சேஃப்டி சார் என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால், அவர் பார்ப்பது அவருடைய சேஃப்டியைத்தான் என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எவ்வளவு உண்மை இருந்தது என்று தெரிந்தவள் கிரேன் கூண்டில் இருந்த ஒருத்திதான்.

என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால் கொப்பரையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். உலையில் உருகிய செம்பை ஏந்திக்கொள்ளும் இரும்புப் பாத்திரம் அது. ஒரு லாரி ஓட்டுநரை நிற்க வைத்தே உள்ளே இறக்கிவிடலாம், அவ்வளவு ஆழம். உள்பக்கம் சூடு தாங்கும் கல்லை அடுக்கிக் காரை பூசியிருப்பார்கள். கல் தேய்ந்து புதிதாகப் பூசினால், அந்தப் பூச்சைப் பெரிய பர்னரின் தீயால் நன்றாகக் காய வைக்க வேண்டும். மேலே காய்ந்து அடியில் ஈரம் தங்கிவிட்டதென்றால் தொலைந்தது. உருகிய செம்பு ஈரத்தின் மேல் விழுந்ததும் தண்ணீர் ஆவியாகி ஒரே மூச்சில் வெடிக்கும். செம்பு மழைபோல் தெறிக்கும்.

அதனால்தான் அங்கே வேலை செய்தவர்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். புதுப் பூச்சுக் கொப்பரை காய்ந்துவிட்டது என்று யார் சொல்கிறாரோ, முதல் தடவை ஊற்றும்போது அவர்தான் அதன் பக்கத்தில் நிற்க வேண்டும். எந்த விதிமுறையிலும் அது கிடையாது. ஆனால் பக்கத்தில் நிற்கப்போகிறவன் அவசரப்பட்டு வாயைத் திறக்கமாட்டான்.

அப்போது சேஃப்டி சார் வெறும் ஃபோர்மேன். தம்பியும் அவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே டிபன் பாக்ஸில் கை நனைத்தவர்கள். அவள் வீட்டுக்கு வந்தால் "பசிக்குதுக்கா" என்று நேராகச் சமையலறைக்குள் வந்துவிடுவார். விபத்து நடந்த அன்றைக்கு அவருக்கு அவசரம். அந்த ஷிஃப்டில் நிறைய ஊற்றிக் காட்ட வேண்டும். பர்னரைச் சீக்கிரமே அணைக்கச் சொல்லிவிட்டார். காய்ந்துவிட்டது என்று வாயால் சொன்னவரும் அவரே. ஊற்றுகிற நேரத்தில், "டீ குடிச்சிட்டு வந்துர்றேன், என் எடத்துல நில்லுடா" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு நழுவினார். நண்பன் கேட்டான், இவன் நின்றான். அந்த முட்டாள் பயல் இன்னும் இரண்டு டீ குடித்துவிட்டு வரச் சொல்லியிருப்பான், அவன் சுபாவம் அப்படி.

ஆஸ்பத்திரியில் கட்டுகளுக்கு நடுவில் அவன் உதடு மட்டும் அசைந்தது. "அவன்தான் காஞ்சிருச்சுன்னான்க்கா. நான் சும்மா நின்னேன்." மறுநாள் போய்விட்டான்.

விசாரணையில் அவள் இதைச் சொன்னாள். விசாரித்தவர்கள் ஃபோர்மேனைக் கேட்டார்கள். அவர் வாய் கூசாமல், "எங்க வழக்கத்தை யாரை வேணும்னாலும் கேளுங்க சார். காஞ்சிருச்சுன்னு சொன்னவன்தான் பக்கத்துல நிப்பான். நின்னது யாரு?" என்றார். கேட்டார்கள். எல்லோரும் ஆமாம், அதுதான் வழக்கம் என்றார்கள். தம்பி நின்ற இடமே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. சாகிற நேரத்தில் தம்பி ஏதோ உளறியிருப்பான், பாசத்தில் அக்கா பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று கோப்பை மூடினார்கள்.

அழுது தீர்த்தால் சரியாகிவிடும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அவள் அழவில்லை. தம்பிக்குப் பதிலாக வேலை தருகிறோம் என்று ஆலை சொன்னபோது, "கிரேன் ஓட்டுறேன்" என்றாள். அலுவலகத்தில் உட்கார்ந்து கொள்ளலாமே என்றார்கள். "கிரேன்" என்றாள். ஒரு நாள் அந்த ஆள் கொப்பரைக்குப் பக்கத்தில் நிற்பான், செம்பு தன் கையில் இருக்கும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். இதை யாரிடமும் சொன்னதில்லை. இப்படி நினைப்பது பாவம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் நினைத்தாள்.

அந்த ஆள் நிற்கவே இல்லை. மளமளவென்று மேலே போனார். பாதுகாப்புத் தலைவரானதும் முதல் வேலையாக அந்தப் பழைய வழக்கத்தை ஒழித்தார். இனி ஊற்றும்போது யாரும் பக்கத்தில் நிற்கக்கூடாது, கோட்டுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும் என்றார். நல்ல காரியம்தான், அவளே ஒத்துக்கொண்டாள். ஆனால் காய்ந்துவிட்டது என்று சொல்கிறவர் இப்போது கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு சொல்லலாம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது தம்பியின் படத்தைத் திரையில் காட்டி, "என் உயிர் நண்பன். அலட்சியம் அவனைக் கொண்டுபோயிருச்சு" என்று நீலிக்கண்ணீர் வடிப்பார். அந்த வகுப்புக்கு அவளும் வருடம் தவறாமல் போக வேண்டியிருந்தது. போனாள். முன்வரிசையில் உட்கார்ந்து, அவர் கண்ணைத் துடைத்து முடிக்கும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனிக்குச் சொந்தமான எல்லா ஆலைகளுக்கும் ஒரே பாதுகாப்புத் தலைவரைப் போடப்போவதாகப் பேச்சு அடிபட்டது; சேஃப்டி சாருக்கு அதன் மேல் கண். முதலாளியான பெரியவர், தன் ஆட்களுடன் நேரில் பார்க்க வந்தார். புதுப் பூச்சுக் கொப்பரையில் முதல் ஊற்றலைக் காட்ட ஏற்பாடு. அன்று காலையில் எரிவாயு சரியாக வராமல் பர்னர் நின்று நின்று எரிந்தது. கொப்பரையைப் பார்த்துக்கொள்பவன், அண்மையில் கல்யாணம் ஆனவன், "சாயங்காலம் வரைக்கும் காயணும் சார்" என்றான். சேஃப்டி சார் சிரித்துக்கொண்டே அவன் தோளைத் தட்டினார். "பெரியவர் சாயங்காலம் வரைக்கும் இருப்பாராடா? அதெல்லாம் காஞ்சிருச்சு."

உலையிலிருந்து நிரம்பி வந்த பழைய கொப்பரை அவளுடைய கிரேன் கொக்கியில் தொங்கியது. அதைச் சாய்த்துப் புதுக் கொப்பரையில் ஊற்ற வேண்டும். மேலே இருந்து பார்த்தால் கொப்பரையின் உள்பக்கம் முழுக்கத் தெரியும். காய்ந்த பூச்சு ஒரே நிறமாக மங்கிச் சிவந்திருக்க வேண்டும். இதில் அடிப்பக்கம் ஒரு திட்டு கறுத்துக் கிடந்தது. ஆவி போவதற்காக அடியில் போட்டிருந்த துளைகளிலிருந்து லேசாக வெள்ளைப் புகை கசிந்தது. அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயம் இல்லை; சந்தோஷம் என்று சொல்லவும் கூசுகிறது, ஆனால் அதுதான்.

ஒலிபெருக்கியில் சேஃப்டி சாரின் குரல் கேட்டது. கண்ணாடி அறையில் பெரியவர் பக்கத்தில் நின்றதால் குரலில் தேன் ஒழுகியது. "கொப்பரை ரெடி. ஊத்துங்கக்கா."

அவள் ஹாரனை நீளமாக அமுக்கினாள். அதற்கு அர்த்தம் எல்லோரும் விலகிப் போங்கள் என்பது. கீழே இருந்த எல்லோரும் கோட்டுக்குப் பின்னால் ஓடினார்கள். தளம் காலியானதும் மைக்கை எடுத்தாள்.

"காஞ்சிருச்சுன்னு யார் சொன்னது?"

"நான்தான் சொல்றேன். ஊத்துங்க."

"அப்போ வந்து பக்கத்துல நில்லுங்க சார். சொன்னவங்கதானே நிக்கணும்?"

கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு சிரித்தார். "அந்த வழக்கத்தைத்தான் எடுத்தாச்சேக்கா. ரூல் படி யாரும் நிக்கக் கூடாது."

"என் தம்பி செத்தப்போ அந்த வழக்கத்தை வச்சுத்தானே சார் பேசுனீங்க? நின்னவன்தான் சொன்னவன்னு நீங்கதானே சொன்னீங்க? இன்னைக்கு ஒரு தடவை நில்லுங்க."

ஆலை முழுக்கக் கேட்டது. கேன்டீனில் தட்டுக் கழுவுகிறவர்கள்கூடக் கையை நிறுத்தியிருப்பார்கள். சேஃப்டி சார் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார். கோட்டுக்குப் பின்னால் நின்ற கொப்பரைக்காரனைப் பார்த்துக் கையை ஆட்டினார். மைக் கையிலேயே இருந்ததை மறந்துவிட்டார்.

"டேய், நீ போய்ச் சும்மா ஒரு நிமிஷம் நில்லுடா."

சொல்லிப் பழகின வாய், கேட்டுப் பழகின கால். அந்தப் பையன் இரண்டடி எடுத்தே வைத்துவிட்டான். அவள் ஹாரனை அமுக்கிய அமுக்கில் அவன் அப்படியே நின்றான்.

"அவன் வந்தா ஊத்த மாட்டேன். நீங்க வந்தா ஊத்துறேன்" என்றாள்.

பெரியவர் திரும்பிப் பார்த்தார். சுரங்கத்தில் கல் உடைத்து மேலே வந்த மனிதர் என்று பேசிக்கொள்வார்கள். "நீதானேப்பா காஞ்சிருச்சுன்னு சொன்ன? அந்தம்மா கேக்குதுல்ல, போய் நிக்க வேண்டியதுதானே?"

கண்ணாடி அறையிலிருந்து கீழே இறங்கும் இரும்புப் படியில் சேஃப்டி சார் ஒரு காலை வைத்தார். தலையைத் தூக்கிக் கூண்டைப் பார்த்தார். அவள் கை நெம்புகோலின் மேல் இருந்தது. அவள் அவரைத் தடுக்கவும் இல்லை, பயமுறுத்தவும் இல்லை, வா என்று பார்த்தாள். அத்தனை வருஷமாகப் படத்துக்கு முன்னால் நின்று சேர்த்து வைத்தது எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. வெடித்தால் செம்பு கூண்டுவரைக்கும் தெறிக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெறிக்கட்டும்.

அவர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "அடியில... கொஞ்சம் ஈரம் இருக்கலாம்" என்றார். மைக் அதையும் எல்லோருக்கும் சொன்னது.

அவள் கிரேனை நகர்த்திக்கொண்டுபோய், கையில் இருந்த செம்பை அவசரத்துக்கென்று ஒதுக்கியிருந்த உலர்ந்த மணல் குழியில் கொட்டினாள். கூண்டிலிருந்து ஏணி வழியாக இறங்கி வந்தாள். கோட்டுக்குப் பின்னால் நின்றவர்கள் வழிவிட்டார்கள். யாரும் கை தட்டவில்லை. அன்று விசாரணையில் வழக்கம் அதுதான் என்று தலையாட்டியவர்களில் சிலர் அங்கே இருந்தார்கள். அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பழைய கோப்பை மறுபடி திறந்தார்கள். இந்தத் தடவை, விபத்து நடந்த நேரத்தில் டீ கடையில் சேஃப்டி சாரைப் பார்த்ததாகச் சொல்ல ஒன்றுக்கு மூன்று பேருக்கு வாய் வந்தது. எங்கேயடா வைத்திருந்தீர்கள் இத்தனை நாள் அந்த வாயை என்று கேட்க அவளுக்கு நாக்கு துடித்தது. வேலையை விட்டுப் போகச் சொன்ன அன்று, சேஃப்டி சார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அவள் படத்தின் முன்னால் நின்றிருந்தாள்.

"நீங்கதானே ஒட்டுனீங்க. நீங்களே எடுங்க."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். நல்ல பசை போட்டு ஒட்டியிருந்தார், பாவம். நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. அடுக்குமொழி கிழிந்து துண்டு துண்டாக வந்தது. முகம் மட்டும் கிழியக்கூடாது என்று அவள் சொன்னாள். வியர்க்க விறுவிறுக்க, அது கிழியாமல் எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது அவருடைய கண் கலங்கியிருந்தது. இந்தத் தடவை நிஜமாகவே இருக்கலாம்.

"மன்னிச்சிருங்கக்கா."

"மாட்டேன்" என்றாள். "மூலையில இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கு பாருங்க."

அன்று சாயங்காலம் தையல் கடையைச் சாத்திவிட்டு வந்த கணவர், சாப்பாட்டு மேசையில் தம்பியின் படத்தைப் பார்த்தார். பின்பக்கம் சுண்ணாம்பு ஒட்டியிருந்ததைத் துணியால் துடைத்தார். சாப்பிட உட்கார்ந்தார். பிறகு தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஏம்மா, அன்னைக்கு அந்தாளு நெசமாவே எறங்கி வந்து பக்கத்துல நின்னிருந்தா?"

அவள் குழம்பை எடுத்து அவர் தட்டில் ஊற்றினாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"ஆறிடப் போகுது" என்றாள். "சாப்பிடுங்க."