மெயினை அணைக்கச் சொன்ன ஞானசெல்வி அக்கா

போன வாரம் ஒரு சாயங்காலம் தறிக்கூடத்தில் மோட்டார் ஒன்றைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "நம்ம ஜெராக்ஸ் கடை அக்கா போயிட்டாவ" என்றார் பக்கத்து டீக்கடை அண்ணாச்சி. எப்படி என்று கேட்டேன். "மத்தியானம் சாப்பிட்டுட்டுச் செத்த நேரம் படுத்தாவளாம். எந்திரிக்கல." வருத்தத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது, மறைப்பானேன். படுக்கையில் கிடந்து யாருக்கும் பாரமாகிவிடக் கூடாது என்பதுதான் அவருடைய அன்றாட ஜெபம். அது கேட்கப்பட்டுவிட்டது.

ஞானசெல்வி அக்காவை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தாலுகா அலுவலகத்துக்கு எதிரே இருந்த அவர் கடையில் பேச்சு வாங்காமல் நகல் எடுத்தவர்கள் சங்கரன்கோவிலில் குறைவு. "ஒரிஜினல வீட்ல பூட்டி வச்சிட்டு, ஜெராக்ஸையே ஜெராக்ஸ் எடுக்க வாரீய" என்பார். ஒரு காகிதம் மெஷினுக்குள் போவதற்குள் அதை முழுக்கப் படித்துவிடுவார். அடுத்தவர் சங்கதியைப் படிக்கலாமா என்று யாராவது கேட்டால், "எழுதுறது படிக்கத்தான்" என்பார்.

நான் அவரிடம் போனது அரசாங்கம் நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தேர்வுக்கான குறிப்புகளை நகலெடுக்க. இருபது வருஷமாக தறிக்கூடத்தில் வயர்மேன் வேலை பார்க்கிறேன். கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பொறுப்புக்கு வந்த முதலாளி மகன், சர்டிபிகேட் இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். நாற்பத்துமூன்று வயதில் வேறு எங்கே போய் நிற்பது? குறிப்புகளை என்னைவிட முன்னதாக அக்கா படித்து முடித்தார். மதியம் கடையில் ஆள் ஓய்ந்ததும் என்னை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். அந்தப் புண்ணியத்தில் எழுத்துத் தேர்வில் தேறினேன்.

செய்முறையில் தோற்றேன். சிரிக்காதீர்கள், இருபது வருஷ வயர்மேன் ஒரு சுவிட்சை மாற்றத் தெரியாமல் தோற்றேன். மாற்றத் தெரியும், மெயினை அணைக்கத்தான் தெரியாது. தறிக்கூடத்தில் மெயினை அணைத்தால் அத்தனை தறியும் நிற்கும், முதலாளி முகம் கறுக்கும். அதனால் கரண்ட் ஓடும்போதே கை வைத்துப் பழகிவிட்டோம். அதைத் திறமை என்றும் சொல்லிக்கொண்டோம். தேர்விலும் அதே வேகத்தில் மூடியைக் கழற்றினேன். தேர்வாளர் "போதும், எந்திரிங்க" என்றார்.

திரும்பி வந்து, அங்கே இருந்த போர்டு சரியில்லை, இடம் சரியில்லை என்று அக்காவிடம் புலம்பினேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றவர், கடையில் புது மெஷினுக்கு லைன் இழுக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். தானே தேர்வாளராக ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். பல்பு மாற்றுவதற்கே மெயினை அணைத்துவிட்டுக் கர்த்தரைக் கூப்பிடுகிறவர் அவர். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. நான் மெயினை அணைத்து மெஷின் நின்றதும் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "அஞ்சு நிமிசம் பொறுங்க. ஆளு சாகாம வேலை பாக்கட்டும்" என்றார் அக்கா.

நான் ஏணியில் ஏறி வயரைக் கையில் பிடித்தேன். கீழே அவர் மெயினுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"தம்பி, இப்ப நான் இதப் போட்டுட்டா என்ன செய்வீய?"

"நீங்க எதுக்குக்கா போடப் போறீய?"

"நான் போடமாட்டேன். விவரம் தெரியாம வாரவன் போடுவாம்லா?"

"ஃபியூஸ் கட்டையைக் கழற்றித் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும்" என்ற வரியை நான் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். ஒரு நாளும் செய்ததில்லை. அக்காவும் அதைப் படித்திருந்தார். ஆனால் அதை நம்பியும் இருந்தார். கீழே இறங்கி, கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "இப்பப் போடுங்க" என்றேன். போட்டார். ஒன்றும் எரியவில்லை. குழந்தை மாதிரி இரண்டு மூன்று தடவை போட்டுப் போட்டுப் பார்த்தார். அதன் பிறகு மாதக்கணக்கில், எந்த வேலைக்குப் போய்விட்டு வந்தாலும், "கட்டைய எடுத்தீயளா?" என்பதுதான் முதல் விசாரணை. எரிச்சலாக வரும்.

இரண்டாம் முறை தேர்வில் மெயினை அணைத்து, கட்டையை எடுத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட்டேன். பாதி வேலையில் தேர்வாளர் கேட்டார்: "இப்ப யாராவது வந்து மெயினைப் போட்டுட்டா?" அக்காதான் சொல்லி அனுப்பினாரோ என்று திகைத்துப்போனேன். சட்டைப் பையைத் தட்டிக் காட்டினேன். அவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். அன்று பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அப்படி ஒரு தூக்கம் தூங்கினேன்.

சர்டிபிகேட் கைக்கு வந்ததும் நேரே கடைக்குத்தான் போனேன். வழக்கம்போல அதையும் ஒரு வரி விடாமல் படித்தார். மெஷினில் வைத்தவர் பொத்தானை அழுத்தாமல் நின்றார்.

"தறிக்கூடத்து வயர்மேன் ரெண்டு பேரு இறப்புச் சான்றிதழ இந்தக் கையாலதான் எடுத்தேன் தம்பி. ரெண்டு பேரு பொஞ்சாதியும் இங்கனதான் வந்து நின்னாவ. ஒங்க வீட்டம்மா வந்துருவாளோன்னு எனக்கு ஒரே பயம்."

இத்தனை நாள் எரிச்சல்பட்டதற்கு அன்று வெட்கப்பட்டேன். இப்போது தறிக்கூடத்தில் முதலாளி மகனே வந்து நின்றாலும் தறியை நிறுத்தாமல் வயரைத் தொடுவதில்லை. அக்கா என் பொருட்டுப் பட்ட பயத்தை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அது எனக்குப் போதும்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் அக்கா சொன்னதை என் மனைவியிடம் சொன்னேன். "என்னைய அந்தக் கடை வாசல்ல நிக்க விடாமலே போயிட்டாளே, மகராசி" என்றாள்.