முருங்கைக்காய் என்றால் விற்காதே

டெலிபோன் மணி அடித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐம்பதுகளில் நான் போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய்க் கடையில் குமாஸ்தாவாக இருந்தேன். எங்கள் முதலாளியின் மேஜை மேல் அந்தக் கறுப்புச் சனியன் வந்து உட்கார்ந்த நாளோடு என் நிம்மதி போயிற்று.

அதுவரை மேஜைக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. முதலாளிக்கு அவ்வளவு நெருக்கத்தில் வேறு யாருக்கும் இடம் கிடையாது. காரணம், தந்தி. மலையில் மழை பிடித்தால் காய் வரத்துக் குறையும், விலை ஏறும். விருதுநகரில் எங்கள் சரக்கை விற்றுத்தரும் மண்டிக்கு அதை மற்றவர்களுக்கு முன்னால் சொல்லியாக வேண்டும். தந்தியிலோ வார்த்தைக்கு வார்த்தை காசு. தந்தி ஆபீசிலோ ஊர்ப்பட்ட கடைகளின் ஆட்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால் நானே யோசித்துச் சங்கேத வார்த்தைகள் உண்டாக்கினேன். முருங்கைக்காய் என்றால் விலை ஏறுகிறது, விற்காதே. பூசணிக்காய் என்றால் விலை விழப்போகிறது, கேட்ட விலைக்குத் தள்ளிவிடு. கத்திரிக்காய் என்றால் மலையில் மழை, சரக்கு வர நாளாகும். இப்படி ஒரு காய்கறிச் சந்தையே என் தலைக்குள் இருந்தது. விருதுநகர் மண்டிக் குமாஸ்தாவுக்கு மட்டும் நேரில் போய்ப் பாடம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆங்கில எழுத்தில் ஒற்றை வார்த்தையை எழுதி நீட்டுவேன். தந்தி மாஸ்டர் கண்ணாடியைத் தூக்கிப் பார்ப்பார். "என்னய்யா, ஒங்க மொதலாளி காய்கறி யாவாரத்துல எறங்கிட்டாரா?" என்பார். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

டெலிபோன் வந்த அன்று முதலில் பேசியவன் நான்தான். விருதுநகருக்கு டிரங்கால் போட்டுவிட்டு, எக்ஸ்சேஞ்சில் வெளியூர் லைன் கொடுக்கும்வரை காத்துக் கிடந்தோம். கிடைத்தபோது கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவது போலிருந்தது. என் குரலோ எங்கள் வீட்டு அடுப்படிக்கே எட்டாத குரல். "சத்தமாப் பேசுங்க, சத்தமாப் பேசுங்க" என்று அந்தப் பக்கம் கதறியது. முதலாளி பொறுமையிழந்து, மூட்டை எடை பார்த்துக்கொண்டிருந்த புது ஆளைக் கூப்பிட்டார். அவன் ராசிங்காபுரத்தான். தோட்டத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. அவன் "அலோ" என்றதும் மேஜை மேலிருந்த காப்பி டம்ளர் அதிர்ந்தது. பதில் உடனே வந்தது.

"இவன்தான்யா போனுக்கு லாயக்கு" என்றார் முதலாளி. மறுநாள் வந்து பார்த்தால் என் நாற்காலியில் அவன்.

வயிறு எரிந்தது. வேறு வார்த்தை இல்லை. அவன் சிரித்தால் எரிந்தது, "அண்ணே, சாப்ட்டீகளா?" என்று அன்பாகக் கேட்டால் இன்னும் எரிந்தது. முதலாளியிடம் டெலிபோனைப் பற்றிக் குறை சொன்னேன். மழைக்குக் கம்பி அறுந்துவிடும், தந்தியென்றால் கையில் காகிதம் இருக்கும் என்றேன். "ஒனக்கு எதுக்குப்பா இம்புட்டு எரிச்சல்? போய்ச் சோலியப் பாரு" என்றார்.

என் மனைவிதான் யோசனை சொன்னாள். "நீங்களும் கத்திப் பேசிப் பழகுங்களேன். என்ன கொறஞ்சு போகுது?" விடிகாலையில் குரங்கணிப் பாதையில் ஆளில்லாத இடமாகப் பார்த்து நின்று, மலையை நோக்கி "அலோ! அலோ!" என்று கத்தினேன். எஸ்டேட் ஆட்களோடு வந்த ஜீப்பு ஒன்று நின்றது. "அண்ணே, மாடு தொலஞ்சு போச்சா?" என்று டிரைவர் கேட்டான். ஆமாம் என்றேன்.

பிறகு ஒருநாள் எனக்கும் நல்ல காலம் வந்தது. போன் வந்த மயக்கத்தில் என் சங்கேதத்தை எல்லோரும் மறந்திருந்தார்கள். ராசிங்காபுரத்தான் போனில் பச்சையாக, "வெலை ஏறப்போகுது, விக்காதீக!" என்று முழங்கினான். வாசலில் மலைத்தோட்டக்காரர்கள் மூட்டைகளோடு நின்றார்கள். அவர்களிடம் குறைந்த விலைக்கு வாங்கத்தான் முதலாளி பேச்சை இழுத்துக்கொண்டிருந்தார். அவர்கள் காதில் விழாமல் போகுமா? அத்தனை பேரும் ஒரே வாயாக விலையை ஏற்றிவிட்டார்கள். அன்று ராத்திரி நான் ரசித்துச் சாப்பிட்டேன்.

காலையில் முதலாளி கூப்பிட்டார். நாற்காலி திரும்பி வருகிறது என்றுதான் நினைத்தேன்.

"ஏப்பா, ஒன் காய்கறி எல்லாத்தையும் இவனுக்கு வெரசாச் சொல்லிக் குடு. இனிமே போன்லயும் அதையே சொல்லட்டும்."

சொல்லிக் கொடுத்தேன். நான் மாதக்கணக்கில் யோசித்ததை அவன் ஒரு காப்பி ஆறுவதற்குள் பிடித்துக்கொண்டான். அதோடு விட்டானா? "அண்ணே, பாவக்காயும் சேத்துக்கிருவமா? லோடு வழியில நின்னு போச்சுன்னா சொல்றதுக்கு" என்றான். நல்ல யோசனை. எனக்கு ஏன் தோன்றவில்லை என்பதுதான் தாங்கவில்லை.

அவன் "முருங்கைக்காய்!" என்று கத்துவதைக் கேட்கத் தெருவில் போகிறவர்கள் நின்று சிரித்தார்கள். என் வார்த்தைகள், அவன் வாயில், கணீரென்று. விருதுநகர் மண்டியில் குமாஸ்தா மாறியபோது, புது ஆளுக்குப் பாடம் சொல்ல முதலாளி அவனையே லாரியில் அனுப்பினார்.

மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது. டிரங்கால் கிடைத்தது. "அலோ!" என்றேன். குரங்கணி வீண்போகவில்லை, நன்றாகவே வந்தது.

"யாரு? அந்தத் தம்பி இல்லையா?"

"காச்சலு. எழுதிக்கிருங்க, முருங்கைக்காய்."

"சரிண்ணே." விருதுநகர்ப் புதுக் குமாஸ்தா போனை வைக்கவில்லை. "அண்ணே, அந்தத் தம்பி என்னமா ஒரு பாஷை கண்டுபிடிச்சு வச்சிருக்கு! எங்க மொதலாளி சொல்லிச் சொல்லி மாஞ்சு போறாரு. மூளைக்காரன்ணே."

எனக்குக் கண் இருட்டியது. எங்கிருந்துதான் அப்படி ஒரு சத்தம் வந்ததோ.

"அதக் கண்டுபிடிச்சது நாந்தான்யா! நான்!"

தராசுக்காரன் கையை நிறுத்தினான். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விருதுநகருக்கு மட்டும் கேட்கவில்லை. அதற்குள் லைன் அறுந்துபோயிருந்தது.

முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏப்பா, இந்தத் தொண்டைய அன்னைக்கு எங்க வச்சிருந்த?"