சிரட்டையில் சேர்ந்த கல்

இரண்டாம் வகுப்போடு நின்றவன் நான். திருவனந்தபுரத்துச் சாலைக் கடைவீதியில் மூட்டை சுமந்தேன். அதே வீதியில் மூன்று அரிசிக்கடை கட்டினேன். என் அரிசியில் கல் கிடையாது என்று நகரம் முழுக்கப் பெயர் வாங்கினேன்.

அந்தக் கல்லைப் பொறுக்கியவள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவள். ஒல்லி உடம்பு, வெற்றிலைக் கறைப் பல். குடும்ப அட்டையில் பெயர் இல்லையென்று ஏழு வயது மகளை அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். மகளை வரவழைக்க அவள் மனுக் கொடுத்தபோதெல்லாம், "உன் மகள்தான்னு என்ன ஆதாரம்?" என்று இங்குள்ள ஆபீஸ் குமாஸ்தா துரத்தினான்.

பொறுக்கிய கல்லை அவள் எறியமாட்டாள், ஒரு தேங்காய்ச் சிரட்டையில் சேர்ப்பாள்.

"யாருக்கு?" என்றேன்.

"அந்த ஆபீஸ் சாருக்கு. வீட்டுல விசேஷம்னா சாலைக்கு வந்துதானே ஆகணும் முதலாளி?"

வந்தான், தன் மகள் கல்யாணத்துக்கு அரிசி வாங்க. அவள் சிரட்டையோடு என்னைப் பார்த்தாள். உள்ளே அவனுக்கான மூட்டையின் வாயை நான் விரித்துப் பிடித்தேன். கொட்டினாள். நானே தைத்தேன்.

கல்யாணத்துக்கு மறுநாள் வந்து நின்றான். "எந்தா அண்ணாச்சி, கல்யாணச் சத்யை, சோறு முழுக்கக் கல்லு. சம்பந்தி எலையை விட்டு எழுந்திரிச்சுப் போயி."

"என் கடை அரிசிதான்னு என்ன ஆதாரம் சார்?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அடுத்த முறத்தை எடுத்துக்கொண்டு குனிந்தாள். அவள் மகள் கடைசிவரை வரவில்லை.

சாலையில் இன்றும் அவள் துணிச்சலைத்தான் பேசுகிறார்கள். மூட்டையைத் தைத்தவன் நான். கேள்வியைக் கேட்டவன் நான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.